தோலா எத்தனை கிராம்? மும்பையில் மாட்டிய கணக்குகளைச் சொல்லுங்க

மாட்டுங்கா தராசு:
பட்டியலில் 12 தோலா, சீட்டில் 13.86. இதுதான் விஷயம். 1957-ல் ஒரு தாய் கைப்பட எழுதிய நகைப் பட்டியல். பாகம் பிரிக்க ஜவேரி பஜாரில் ஒரு கடையில் நிறுத்தார்கள். தராசில் 138.600 கிராம். கவுன்ட்டர் பையன் பத்தால் வகுத்து "13.86 தோலா" என்று சீட்டில் கிறுக்கிவிட்டான். அக்கா தங்கையைப் பார்க்கிறாள், தங்கை அக்காவைப் பார்க்கிறாள். இதில் யார் நகை கலந்தது?

ஒன்றும் கலக்கவில்லை. பட்டியலில் இருப்பது பழைய தோலா, 11.664 கிராம். 12-ஆல் பெருக்கினால் 139.97. குறைகிற 1.37 கிராம் வளையல் தேய்மானம், அறுபது வருஷத்துக்கு அது சகஜம். சீட்டில் இருப்பது கடைத் தோலா, 10 கிராம். 10 கிராமுக்கு விலை சொல்லிச் சொல்லி வாயில் ஒட்டிக்கொண்ட பெயர், அவ்வளவுதான்.

உங்களுக்கு மாட்டியதையும் போடுங்க.

கோலிவாடா கணக்கன்:
இதில் என்ன குழப்பம்? இன்றைக்கு மும்பையில் தோலா என்றால் 10 கிராம்தான். 11.66 எல்லாம் தாத்தா காலம்.

செம்பூர் 916:
தாத்தா காலம் இல்லை சார். 10 தோலா தங்க பிஸ்கட்டை நிறுத்துப் பாருங்க, 116.64 கிராம் வரும், 100 வராது. தங்கம் நிறுக்கும் டிராய் அவுன்ஸில் 3.75. பிஸ்கட்டுக்கு ஒரு தோலா, வளையலுக்கு ஒரு தோலா என்று ஒரே தெருவில் இரண்டும் ஓடுகிறது.

எனக்கு உறுத்துவது வேறு. மும்பை போர்டில் 10 கிராம் விலை போடுவது பெரும்பாலும் 24 காரட்டுக்கு. ஊரில் பவுன் விலை சொல்வது 22 காரட், 8 கிராமுக்கு. ஒருவர் மும்பை விலையை வெறும் 0.8-ஆல் பெருக்கி, திருநெல்வேலி விலையோடு ஒப்பிட்டு, "ஊரில் எட்டு சதவீதம் மலிவு" என்று கல்யாண வீடு முழுக்கப் பரப்பிவிட்டார். டிக்கெட் போடும் வரை போய்விட்டது. அந்த எட்டு சதவீதம் மலிவு இல்லை, 22 காரட்டில் கலந்த செம்பு. 0.8-ஐ 0.916-ஆலும் பெருக்கணும், அதாவது 0.733. போர்டு விலை × 0.733 = ஒரு பவுன் 22 காரட். செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி தனி.

பழைய தோலாவைப் பவுனாக்க 1.458-ஆல் பெருக்குங்க. 5 தோலா சங்கிலி 7.29 பவுன். கடைத் தோலா என்றால் 6.25 பவுன். ஒரு பவுனுக்கு மேல் வித்தியாசம்.

கோலிவாடா கணக்கன்:
பவுனும் 8 கிராம் இல்லையே, 7.988.

செம்பூர் 916:
அது ராணி தலை போட்ட இங்கிலீஷ் காசின் எடை. ஊர்க் கடையில் பவுன் 8 கிராம்தான். 10 பவுனுக்கு 0.12 கிராம் வித்தியாசம், அதற்குச் சண்டை போடணுமா?

தாராவி மளிகை:
தங்கம் பேசுறீங்க, நான் ஊறுகாய் பேசுறேன். பாட்டி குறிப்பு: மாங்காய் 1 வீசை, உப்பு 8 பலம், மிளகாய்த்தூள் 6 பலம். குறிப்பை வாங்கிட்டுப் போய் ஊறுகாய் போட்டவங்க வீசையைச் சரியா 1.4 கிலோன்னு எடுத்தாங்க. பலத்தை மட்டும் கண்ணளவுல 25 கிராம்னு வச்சிட்டாங்க. உப்பு 280 கிராம் விழவேண்டிய இடத்துல 200. ஜூலை மழையில மூடியைத் திறந்தா வெள்ளைப் பூஞ்சை, ஜாடி முழுக்க.

பலம் 35 கிராம். 3 ரூபாய் எடை, அதாவது 3 தோலா. 40 பலம் ஒரு வீசை. இது தெரிஞ்சா கிராமே வேண்டாம்: 40-க்கு 8, அஞ்சுல ஒரு பங்கு உப்பு. மாங்காய் 2 கிலோன்னா உப்பு 400, மிளகாய் 300. கொட்டை நீக்கி நிறுக்கணுமா, கொட்டையோடவான்னு குறிப்புல பார்த்துக்குங்க, அங்கதான் அடுத்த தப்பு. குறிப்புல படி, ஆழாக்கு வந்தா அதை எடையா மாத்தவே மாத்தாதீங்க. அது கொள்ளளவு. ஒரே படியில அரிசி ஒரு எடை, மிளகாய்த்தூள் வேற எடை.

ஊர்லேருந்து புதுசா வந்தவங்களுக்கு இன்னொண்ணு. கடைக்காரர் "பௌணே தோ" ன்னா ரெண்டு இல்ல, 1.750 கிலோ. "சவா தோ" 2.250. "அடாயி" 2.500. "டேட்" ஒன்றரை. "பாவ்" 250 கிராம், சேர்ங்கிற பழைய எடையில கால் பங்கு 233-தான், இப்ப 250-ஆ நின்னுடுச்சு. மராத்தியில "அதபாவ்" ன்னா 125. விரலைக் காட்டிக் கேக்காதீங்க, தராசுல தெரியிற எண்ணைப் பாருங்க.

மருந்துச் சரக்கு:
பலம் 35 என்பது சித்த மருத்துவக் கணக்கு. ஆயுர்வேதக் கடையில் பலம் கேட்டால் 48 கிராம் போடுவார்கள், அவர்கள் தோலாவும் 12 கிராம். ஆக இந்த இழையில் மூன்றாவது தோலா. சீட்டு எந்த மருத்துவத்துடையது என்று கேட்காமல் கஷாயச் சரக்கு நிறுத்து, ஒரு பொருள் சித்தக் கணக்கிலும் மற்றது ஆயுர்வேதக் கணக்கிலும் போன பொட்டலத்தைத் திருப்பி வாங்கியிருக்கிறோம்.

காட்டன் கிரீன்:
பஞ்சுக்கு எடை அளவு கண்டி. மும்பைக் கண்டி 784 பவுண்டு, 355.6 கிலோ, சந்தையில் 356 என்பார்கள். பழைய மதராஸ் வாய்ப்பாட்டில் கண்டி 20 மணங்கு, 500 பவுண்டு, 226.8 கிலோ. வாய்ப்பாட்டைப் பார்த்து விலை போட்ட மில் கணக்குப்பிள்ளை ஒருவர் "மும்பைக்காரன் கொள்ளை அடிக்கிறான்" என்று போனில் கத்தினார். கிலோவுக்கு வகுத்த பிறகு சத்தம் இல்லை.

தாராவி மளிகை:
மாட்டுங்கா சார், அந்தச் சீட்டு என்னாச்சு?

மாட்டுங்கா தராசு:
பையன் தோலாவை அடித்துவிட்டு 138.600 கிராம் என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தான். கல் எடை 2 காரட் (இது எடைக் காரட், தங்கத்தின் தரம் சொல்லும் காரட் இல்லை), அதாவது 0.4 கிராம், அதையும் தனியாகக் குறித்து. அக்கா சரி என்றுவிட்டாள். தங்கை இன்னும் அந்த 13.86-ஐத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.