கருத்து வரைபடத்துக்கு மதிப்பெண் எப்படிப் போடுகிறீர்கள்?

பேஜ்ஃபால்ட் (கேள்வி):
இயங்குதளப் பாடம் எடுக்கிறேன், 58 பேர். விர்ச்சுவல் மெமரி (நிரலின் பக்கங்களில் தேவையானதை மட்டும் மெமரியில் வைத்து மற்றதை வட்டில் வைக்கும் முறை) முடிந்ததும் தேர்வோடு ஒரு கான்செப்ட் மேப்பும் வரையச் சொன்னேன்: கருத்துகள் பெட்டியில், அவற்றின் உறவு அம்பின்மேல். ஒரு மாணவி அணுகல் நேரக் கணக்கையெல்லாம் பிசகாமல் போடுபவர். அவர் வரைபடத்தில் "டிஎல்பி மிஸ்" (அண்மையில் பார்த்த பக்க முகவரிகளை வைத்திருக்கும் சிறு நினைவகத்தில் தேடியது இல்லாமல் போவது) பெட்டியிலிருந்து "பேஜ் ஃபால்ட்" (கேட்ட பக்கம் மெமரியிலேயே இல்லாமல் போவது) பெட்டிக்கு ஓர் அம்பு, அதன்மேல் "உண்டாக்கும்" என்று எழுதியிருந்தார். டிஎல்பியில் இல்லாத பக்கம் மெமரியிலேயே இருக்கலாம், எந்தப் பக்கம் எங்கே என்று சொல்லும் பேஜ் டேபிளைப் பார்த்தால் போதும் என்பது அவருக்குத் தெரியவில்லை. தேர்வுத்தாளில் இதை நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

சிக்கல் மதிப்பெண்ணில். கல்வி ஆய்வாளர்கள் நோவாக்கும் கோவினும் 1984-ல் சொன்ன முறைப்படி போட்டேன்: சரியான இணைப்புக்கு 1, அடுக்குக்கு 5, வேறு வேறு கிளைகளை இணைக்கும் குறுக்கு இணைப்புக்கு 10. ஒருவன் ஏணி மாதிரி ஏழு அடுக்கு வரைந்து, ஏழு இணைப்பும் சரியாக எழுதி 42 வாங்கிவிட்டான். த்ராஷிங்கை (பக்கங்களை மாற்றுவதிலேயே நேரம் போய் வேலை நடக்காத நிலை) செயலி அட்டவணையிடலோடு அழகாக இணைத்த பெண்ணுக்கு மூன்று அடுக்கு, 14 இணைப்பு, ஒரு குறுக்கு இணைப்பு, மொத்தம் 39. இது நியாயமா?

சுழல்வட்டு:
அடுக்குக்கு மதிப்பெண்ணே வேண்டாம். நோவாக் குழு 1970களில் கார்னெல்லில் இதை உருவாக்கியது, குழந்தைகளின் அறிவியல் புரிதல் எப்படி மாறுகிறது என்று பார்க்க. பொதுவானது மேலே, குறிப்பானது கீழே என்பது கல்வி உளவியலாளர் ஆசுபெலின் கோட்பாட்டிலிருந்து வந்தது. விலங்கு வகைப்பாட்டுக்குச் சரி. பேஜ் ஃபால்ட் ஒரு சுற்று: வட்டிலிருந்து பக்கம் வரும், டேபிள் மாறும், அதே கட்டளை மறுபடி ஓடும். இதில் மேல் எது, கீழ் எது?

நான் 12 சொற்களை நானே கொடுத்துவிடுவேன். கூடவே ஒரு கேள்வி: "நிரல் கேட்ட பக்கம் மெமரியில் இல்லையென்றால் என்ன நடக்கும்?" ஒவ்வொரு இணைப்புக்கும் 0 முதல் 3 வரை. "தொடர்புடையது" என்று எழுதினால் பூஜ்யம். முதல் முறை முனகுவார்கள், அப்புறம் வினைச்சொல் தேட ஆரம்பிப்பார்கள்.

நூல்கண்டு:
58 தாள் திருத்த நேரமில்லை என்றால், பாதி வரைந்த படத்தில் காலிப் பெட்டிகளை நிரப்பச் சொல்லலாம். ஆனால் அம்புகளை நீங்களே போட்டுவிடுவீர்கள், அந்த மாணவியின் தப்பான அம்பு வெளியே வராது. இன்னொன்று, பழக்கமில்லாதவர்கள் மைண்ட் மேப் வரைந்து கோட்டில் ஒன்றும் எழுதாமல் கொடுப்பார்கள். ஒருமுறை மதிப்பெண் இல்லாமல் வரையவிடுங்கள்.

இரட்டைத்திருத்தர்:
பத்துத் தாளை முதலில் இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்திப் பாருங்கள். "டிஎல்பி மிஸ்ஸை இயங்குதளம் கவனிக்கிறது" என்ற வரிக்கு நான் 0 போட்டேன், சக ஆசிரியர் 3. நான் எக்ஸ்86 செயலியை நினைத்தேன், அங்கே அது வன்பொருளின் வேலை. அவர் மிப்ஸ் என்ற வேறு வகைச் செயலியைப் படித்து வந்தவர், அங்கே அது மென்பொருளின் வேலை. மாணவனைவிட நாங்கள்தான் அன்று அதிகம் சண்டை போட்டோம்.

பேஜ்ஃபால்ட்:
அடுக்கை எடுத்துவிட்டு, இணைப்புக்கு 0 முதல் 3 என்று இருவரையும் மறுபடி திருத்தினேன். ஏணிக்காரனுக்கு 9, அந்தப் பெண்ணுக்கு 34. டிஎல்பி அம்பு ஏன் என்று மாணவியைக் கேட்டேன். "நீங்க கொடுத்த கணக்குல எல்லாம் மிஸ் வந்தா அடுத்து ஃபால்ட்தானே சார் வருது" என்றார். கணக்குத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஆறில் ஆறும் அப்படித்தான் இருந்தன.