விண்டோஸ், உபுண்டு இரண்டும் உள்ள கொம்பியூட்டர் எழும்பாவிட்டால்: வன்னியில் திருத்துபவர்களின் அனுபவம்

கிளிநொச்சி

போர்மற் பண்ண முதல் மதர்போட்டில் இருக்கிற சிஆர்2032 பற்றரியை (காசு மாதிரி வட்டமானது) பாருங்கோ. இங்கே கரண்ட் போய்ப் போய் வரும். மின்னலுக்குப் பயந்து ஆக்கள் பிளக்கையும் கழற்றி விடுவினம். பற்றரி செத்த பழைய டெஸ்க்டொப் என்றால், பிளக் கழன்றவுடன் பயோஸ் (கொம்பியூட்டர் போட்டவுடன் முதலில் ஓடுகிற மதர்போட் புரோகிராம்) செற்றிங் எல்லாம் அழிஞ்சிடும்.

அடையாளம் இதுதான்: திகதி பல வருடம் பின்னுக்கு நிற்கும். உபுண்டு (லினக்ஸ் வகை ஒன்று) பெரும்பாலும் எழும்பும். விண்டோஸ் மட்டும் நீலத் திரையில் 'இனெக்சசபிள் பூட் டிவைஸ்' என்று நிற்கும். பயோஸில் சாட்டா மோட் (ஹாட் டிஸ்க்கோடு பேசுகிற முறை) ஏஎச்சிஐயில் இருந்து ரெயிட்டுக்கோ ஐடிஈக்கோ மாறியிருக்கும். பழையபடி ஏஎச்சிஐ போட்டால் எழும்பிவிடும். இரண்டுமே வராமல் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்றால், பயோஸில் பூட் முறை யுஇஎஃப்ஐயில் (புது முறை) இருந்து லெகசிக்கு (பழைய முறை) மாறிவிட்டதா என்று பாருங்கோ.

புதுப் பற்றரி மீற்றரில் 3 வோல்ற்றுக்கு மேலே காட்டும். 2.7க்குக் கீழே இறங்கினால் மாற்றுங்கோ, + பக்கம் மேலே. செற்றிங்கை மட்டும் திருத்திக் குடுத்தால் அடுத்த மின்வெட்டோடு அதே மெசின் திரும்பி வரும். தெரியாமல் விண்டோஸை அழிச்சுப் போடுறதால் பிள்ளைகளின் படிப்பு ஃபைல்கள்தான் வீணாகப் போகுது.

மாங்குளம்

கிளிநொச்சி அண்ணை சொன்னதுதான் முதல் வேலை. பற்றரி நல்லா இருந்தும் கிரப் மெனு (எந்தச் சிஸ்டம் வேணும் என்று கேட்கிற உபுண்டுவின் திரை) வராமல் நேரே விண்டோஸ் வந்தால், அப்டேட் ஒன்று பூட் வரிசையை மாற்றியிருக்கும். பயோஸில் உபுண்டுவை மேலே தூக்கிவிடுங்கோ, காணும்.

மெனு வந்தும் அதில் விண்டோஸ் இல்லையென்றால் வேற விசயம். கிரப் 2.06இல் இருந்து ஓஎஸ்-புரோபர் (டிஸ்க்கில் இருக்கிற வேற சிஸ்டங்களைத் தேடுகிற புரோகிராம்) தானாக ஓடாது. ஈடிசி, அதற்குள் டிஃபோல்ட், அதற்குள் இருக்கிற கிரப் ஃபைலில் 'டிசேபிள் ஓஎஸ் புரோபர்' என்ற வரியை ஃபோல்ஸ் ஆக்கி, அப்டேட்-கிரப் கட்டளையைக் குடுக்க வேணும்.

2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு அறிவியல் நகர்ப் பக்கத்து மாணவர் லப்டொப்களில் 'செக்யூரிட்டி பொலிசி வயலேஷன்' என்று வந்தது. பழைய லினக்ஸ் பென் ட்ரைவ் போட்டாலும் அதே செய்திதான் வரும். பயோஸில் செக்யூர் பூட்டை (நம்பகமான கையொப்பம் இல்லாததை எழும்பவிடாத பாதுகாப்பு) நிற்பாட்டி உபுண்டுவுக்குள் போய், மொக்யுடில் கட்டளையால் எஸ்பாற் பொலிசியை (பழைய பூட் ஃபைல்களைத் தடுக்கிற விதி) டிலீற் பண்ணி, இன்னொருக்கா உபுண்டுவையே எழுப்பி, பிறகு செக்யூர் பூட்டைப் போடுங்கோ. ஆனால் பிற்லொக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் அதன் 48 இலக்கத் திறப்பை முதலே எழுதி வையுங்கோ. அது இல்லாமல் செக்யூர் பூட்டில் கை வைக்கவே வேண்டாம்.

புதுக்குடியிருப்பு

யுபிஎஸ் இல்லாத வீடுகளில் உபுண்டு கறுப்புத் திரையில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று நிற்கிறது அடிக்கடி நடக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் ஃபைல் சிஸ்டம் குழம்பியிருக்கும். எக்ஸிற் அடித்தால் எந்தப் பார்டிஷன் (டிஸ்க்கின் பகுதி) பழுது என்று காட்டும். எஃப்எஸ்சிகே (டிஸ்க் திருத்துகிற கட்டளை), மைனஸ் வை, பிறகு அந்தப் பார்டிஷன் பெயர் என்று அடியுங்கோ, முடிந்ததும் றீபூட். விண்டோஸ் பார்டிஷனுக்கு இது வேண்டாம், அதுக்கு விண்டோஸுக்குள் இருந்து செக்டிஸ்க். கொஞ்ச நாளில் திரும்பவும் வந்தால் சாட்டா வயரை மாற்றிப் பாருங்கோ. அதுக்கும் நிற்காவிட்டால் ஹாட் டிஸ்க் சாகுது, முதலில் ஃபைல்களைக் கொப்பி எடுங்கோ.

கிளிநொச்சி அண்ணை திகதியைப் பற்றிச் சொன்னதோடு ஒன்று. விண்டோஸில் நேரம் சரியாக 5 மணி 30 நிமிடம் பின்னுக்கு நின்றால் அது பற்றரிப் பிழை இல்லை. உபுண்டு மதர்போட் மணிக்கூட்டில் யுடிசி (உலகப் பொது) நேரத்தை எழுதும், விண்டோஸ் அதை இலங்கை நேரமாக வாசிக்கும். உபுண்டுவில் டைம்டேட்சிடிஎல், செற்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று கட்டளை குடுத்தால் இரண்டும் ஒரே நேரம் காட்டும்.