புதுப்பிப்பு: காணாமல்போன நாவலாசிரியரைத் தேடும் ஆவணப்படம் கிடைத்துவிட்டது

உதவிய எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு நாவலோடு பேச்சுமூச்சில்லாமல் போன அமெரிக்க எழுத்தாளரை, அவருடைய வாசகர் ஒருவரே தேடிப் போகும் ஆவணப்படத்தின் பெயர் கேட்டிருந்தேன். அது 'ஸ்டோன் ரீடர்' (2002). இயக்கம் மார்க் மாஸ்கோவிட்ஸ்.

"படத்தை விடுங்க, நாவலைத் தேடுங்க, மறுபதிப்பு வந்திருக்கும்" என்று ஒரு நண்பர் சொன்னாரே, அதுதான் பலித்தது. டோ மாஸ்மன் 1972இல் எழுதிய 'தி ஸ்டோன்ஸ் ஆஃப் சம்மர்' என்ற அந்த நாவல், படம் வந்த பிறகு 2003இல் மீண்டும் அச்சானது. அந்தப் பதிப்பைப் பற்றிய குறிப்பில் படத்தின் பெயரும் இருந்தது.

நீங்கள் சொன்ன மற்ற இரண்டும் இது இல்லை. 'தி புக்செல்லர்ஸ்' (2019) நியூயார்க்கின் அரிய புத்தக வியாபாரிகளைப் பற்றியது. 'எக்ஸ் லிப்ரிஸ்' (2017) அந்நகரப் பொது நூலகத்தைப் பற்றியது, மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும்.

நான் எதிர்பாராதது ஒன்று: தேடலைவிட வாசிப்பைப் பற்றிய பேச்சுதான் படத்தில் அதிகம். விமர்சகர் லெஸ்லி ஃபீட்லர், பதிப்பாசிரியர் ராபர்ட் காட்லிப் போன்றவர்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பகுதிகள்தான் மிகவும் பிடித்தன. மாஸ்கோவிட்ஸ் இந்த நாவலை இளவயதில் வாங்கி, படிக்க முடியாமல் வைத்துவிட்டு, பல வருடம் கழித்துத்தான் முடித்திருக்கிறார்.

முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மாஸ்மன் கிடைத்துவிடுகிறார், அயோவா மாநிலத்தின் சீடார் ராப்பிட்ஸில்.