செம்மண் தடத்துக்கும் பாறைக்கும் ஏற்ற ஹார்ட்டெயில் (முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள) சைக்கிள்: எதை வாங்கலாம்?

பாலக்கோட்டுப் பயணி:

அனைவருக்கும் வணக்கம். நான் பாலக்கோட்டில் வசிக்கிறேன். வயது 41, உயரம் 168 செ.மீ., எடை 82 கிலோ. மூன்று ஆண்டுகளாக ஞாயிறுதோறும் விடியற்காலையில் 30 முதல் 40 கி.மீ. வரை சைக்கிள் ஓட்டி வருகிறேன். தொடக்கத்தில் மாரண்டஅள்ளிச் சாலையிலேயே போய்வந்துகொண்டிருந்தேன். இப்போது தார்ச்சாலையை விட்டு விலகி, பஞ்சப்பள்ளி அணைப் பக்கமுள்ள வண்டித் தடங்களிலும் ஏரிக்கரைகளிலும் மாந்தோப்புகளை ஒட்டிய செம்மண் பாதைகளிலும்தான் பெரும்பாலும் ஓட்டுகிறேன். இந்தத் தடங்களில் பெரிய குதிப்புகள் எதுவும் கிடையாது. ஆனால் மழை அரித்த பள்ளங்களும், தரையோடு தரையாகப் படிந்திருக்கும் பாறைத் திட்டுகளும், காலுக்கடியில் உருளும் சரளையும் நிறைய உண்டு.

என்னிடம் இருப்பது 26 அங்குலச் சக்கரமும் 21 கியரும் கொண்ட இரும்புச் சட்ட சைக்கிள். அதன் பின்சக்கர அச்சு ஓராண்டுக்குள் இரண்டு முறை வளைந்துவிட்டது. பாறையிலிருந்து இறங்கும்போது முன்பக்க சஸ்பென்ஷன் அடிவரை அமுங்கி, இரும்பில் இரும்பு மோதுவது போன்ற ஓசை எழுகிறது; அன்று மாலை வரை மணிக்கட்டு வலிக்கிறது.

என்னால் 60,000 ரூபாய் வரை செலவிட முடியும். மூன்று வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது, 27.5 அங்குலச் சக்கரம், முன்னே மூன்றும் பின்னே எட்டுமாக 24 கியர், ஸ்பிரிங் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை), விலை 38,000. இரண்டாவது, 29 அங்குலச் சக்கரம், முன்னே ஒரே பல்சக்கரம், பின்னே பத்து, 100 மி.மீ. அமுங்கும் காற்று ஃபோர்க், ஹைட்ராலிக் பிரேக், விலை 62,000. மூன்றாவது, பெங்களூரில் ஒருவர் நான்கு ஆண்டுகள் ஓட்டிய வண்டி, 120 மி.மீ. ஃபோர்க், 12 கியர், 55,000 கேட்கிறார்.

24 கியரை விட்டுவிட்டு அதிக விலை கொடுத்துப் பத்துக் கியர் வண்டியை வாங்குவது சரியாகுமா? என் உயரத்துக்கு 29 அங்குலச் சக்கரம் ஒத்துவருமா? பழைய வண்டியை நம்பி வாங்கலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கிருஷ்ணகிரி அணைக்கரை:

வணக்கம் ஐயா. அச்சு வளைந்ததையும் ஃபோர்க் அடிவரை அமுங்கியதையும் நீங்களே எழுதியிருப்பதால், எங்கே பார்க்க வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. இந்த இரண்டு குறைகளும் தீராத வண்டியை, அதில் எத்தனை கியர் இருந்தாலும், நீங்கள் வாங்க வேண்டாம்.

முதலில் அச்சு. விலை குறைந்த வண்டிகளில் பின்பக்கப் பல்சக்கரங்கள் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் மேல் மரை வழியாக முறுக்கி ஏற்றப்பட்டிருக்கும். அதை ஃப்ரீவீல் என்பார்கள். அந்த அமைப்பில் வலப்பக்கப் பேரிங் பல்சக்கரங்களுக்கு உட்புறமாக அமைந்துவிடுவதால், பேரிங்கிலிருந்து சட்டத்தைத் தொடும் இடம் வரை அச்சு எந்தத் தாங்கலும் இல்லாமல் நீண்டு நிற்கிறது. 82 கிலோ எடையோடு பாறைத் திட்டிலிருந்து இறங்கும்போது அந்த நீண்ட பகுதிதான் வளைகிறது. கேசட் எனப்படும் பல்சக்கரத் தொகுப்பை ஏற்றும் ஃப்ரீஹப் வகையில் பேரிங்கை வலது ஓரத்துக்கு நெருக்கமாக வைக்க முடிவதால் அச்சு வளைவது அரிது. எட்டுப் பல்சக்கர வண்டிகளில் இரண்டு வகையும் வருகின்றன. எனவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது ஃப்ரீவீலா, கேசட்டா?" என்பதுதான்.

அடுத்து கியர் எண்ணிக்கை. இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள் என்பதால் கணக்கோடு சொல்கிறேன். 24 கியர் வண்டியின் மிகச்சிறிய முன்சக்கரத்தில் பெரும்பாலும் 22 பல்லும், மிகப்பெரிய பின்சக்கரத்தில் 32 பல்லும் இருக்கும். 22ஐ 32ஆல் வகுத்தால் 0.69. பத்துக் கியர் வண்டியில் முன்னே 32, பின்னே 46 பல் என்றால், அதுவும் ஏறத்தாழ 0.70 தான். ஆகவே ஏற்றத்தில் இரண்டு வண்டிகளும் கிட்டத்தட்ட ஒரே எளிமையோடு ஏறும். வேறுபாடு வேகமான கியரில்தான் இருக்கிறது: 42க்கு 11 என்றால் 3.8, 32க்கு 11 என்றால் 2.9. நெடுஞ்சாலையில் இறக்கத்தில் விரைய விரும்புகிறவருக்கு அது குறையாகத் தெரியலாம். வண்டித் தடத்தில் தெரியவே தெரியாது. மேலும் 24 கியரில் பல இணைகள் ஒன்றையொன்று ஒத்தே இருக்கும். முன்பக்க டெரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) இல்லாத வண்டியில் செம்மண் சேறு அடைத்துக்கொள்ளும் இடமும் ஒன்று குறைகிறது.

ஃபோர்க் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஸ்பிரிங்கின் விறைப்பு ஆலையிலேயே முடிவாகிவிடுகிறது. ஓட்டுபவர் 60 கிலோவானாலும் 90 கிலோவானாலும் அதே ஸ்பிரிங்தான். மேலே உள்ள குமிழைத் திருகுவதால் பெரிய மாற்றம் எதுவும் வராது. காற்று ஃபோர்க்கில் உங்கள் எடைக்குத் தக்கபடி காற்றை ஏற்றலாம், குறைக்கலாம். என் ஃபோர்க்கை நான் இப்படித்தான் சரிசெய்தேன்: பளபளக்கும் மேல்குழாயில் இருக்கும் சிறு ரப்பர் வளையத்தைக் கீழே சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர்) வரை தள்ளிவிட்டு, தண்ணீர்ப் பையையும் தலைக்கவசத்தையும் அணிந்து, சுவரைப் பிடித்தபடி பெடல்களின் மேல் அசையாமல் நின்றேன், பிறகு குலுக்காமல் இறங்கி, வளையம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளவுகோலால் அளந்தேன். 100 மி.மீ. ஃபோர்க்கில் அது 20 மி.மீ. அளவில் இருப்பது நம் தடங்களுக்குச் சரியாக இருக்கும். என்னுடையது முதலில் 31 மி.மீ. காட்டியது, காற்றை ஏற்றி 21க்குக் கொண்டுவந்த பிறகு அடிவரை அமுங்குவது நின்றுவிட்டது. இதற்கெனத் தனிச் சிறு பம்ப் வேண்டும்; டயர் பம்ப் உதவாது. அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, ஹேண்டில்பாருக்குக் கீழுள்ள தலைக்குழாய் மேலிருந்து கீழே வரவர அகன்று இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய நல்ல ஃபோர்க்குகள் பெரும்பாலும் கீழே 1.5 அங்குலம் அகன்ற தண்டோடுதான் வருகின்றன. நேரான குழாய் கொண்ட சட்டத்தை வாங்கிவிட்டால், பின்னாளில் நல்ல ஃபோர்க்கை மாற்ற நினைக்கும்போது கிடைப்பது மிகக் குறைவாக இருக்கும்.

வண்டியோடு வரும் கையேட்டையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். பல நிறுவனங்கள் வண்டி எந்தப் பயன்பாட்டுக்கு ஏற்றது என்பதை எண்ணால் குறித்திருக்கும். 2 என்றால் சரளைச் சாலையும் 15 செ.மீ.க்குக் குறைவான இறக்கங்களும். 3 என்றால் கரடுமுரடான தடங்களும் 61 செ.மீ.க்குக் குறைவான இறக்கங்களும். பார்வைக்கு மலை சைக்கிள் போலவே இருந்தும் 2 என்று குறிக்கப்பட்ட வண்டிகள் உண்டு. உங்களுக்கு 3 வேண்டும்.

பிரேக் ஹைட்ராலிக்காகவே இருக்கட்டும். உங்கள் எடைக்கு முன் டிஸ்க் 180 மி.மீ. இருந்தால் நல்லது.

பென்னாகரம் சாலை:

மேலே நண்பர் எழுதிய அனைத்தும் சரியே. ஆனால் நம் மாவட்டத்தில் ஒரு ஹார்ட்டெயிலை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரவைப்பது ஃபோர்க் அல்ல, முள். அதை யாரும் சொல்லவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

சென்ற தை மாதம் கடலைக்காட்டு வரப்பு வழியாக ஒரு கி.மீ. தூரம்கூட ஓட்டியிருக்க மாட்டேன். இறங்கிப் பார்த்தபோது முன் டயரில் மட்டும் பதினொரு நெருஞ்சி முட்கள் இருந்தன. காய்ந்த நெருஞ்சிக் காய் எப்படி விழுந்தாலும் ஒரு கொம்பு மேல்நோக்கியே நிற்கும். ஏரிக்கரையில் சீமைக் கருவேல முள்; அது நீளமானது, டயரைத் தாண்டி டியூபுக்குள் நேராக இறங்கிவிடும். டியூப் போட்ட வண்டியாக இருந்திருந்தால் அன்று நான் பதினொரு பஞ்சர் ஒட்டியிருக்க வேண்டும். டியூப்லெஸ் என்பதால் முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். வெள்ளையாக ரப்பர் பால் கொப்பளித்து, சில நொடிகளில் அடைபட்டது. மூன்று முட்களை மட்டும் பிடுங்காமல் விட்டுத்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

எனவே ரிம்மும் டயரும் டியூப்லெஸ்ஸுக்கு ஏற்றவையா என்று கட்டாயம் கேளுங்கள். 29 அங்குலத்தில் 2.25 அகல டயர் ஒன்றுக்குச் ஓட்டையை அடைக்கும் அந்த ரப்பர் பால் திரவம் சுமார் 100 மி.லி. ஊற்ற வேண்டும். டியூப் இருக்கும்போது, பாறை விளிம்பில் டியூப் நசுங்கி ஓட்டை விழாமலிருக்கக் காற்றைக் கூடுதலாக வைத்தாக வேண்டும். டியூப்லெஸ்ஸில் உங்கள் எடைக்கு முன்னே 22, பின்னே 25 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டிப் பார்க்கலாம். சரளையில் டயர் பிடித்து நிற்பது அப்போதுதான் தெரியும்.

சக்கர அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 29 அங்குல ரிம்மும் ஹைப்ரிட் சைக்கிள்களின் 700சி ரிம்மும் ஒரே விட்டம், அதாவது 622 மி.மீ. ஆகவே அவசரத்துக்கு ஹைப்ரிட் டியூபைப் போட்டு வீடு வந்துவிடலாம். மெல்லிய பிரெஸ்டா வால்வு நம் பஞ்சர் கடை கம்ப்ரஸரில் பொருந்தாது. சிறு பித்தளை அடாப்டர் ஒன்றைச் சீட்டுக்கடியில் எப்போதும் வைத்திருங்கள்.

தளி சாலை:

வணக்கம் சகோதரரே. நான் ஓசூரிலிருந்து எழுதுகிறேன். என் உயரம் 160 செ.மீ.தான், நான் ஓட்டுவது 29 அங்குலம், சட்டம் சிறிய அளவு. சக்கரத்தைப் பார்த்து அஞ்ச வேண்டாம். பார்க்க வேண்டியது சட்டத்தின் அளவை. பெரிய சக்கரம் பள்ளத்துக்குள் விழாமல் அதன் மேலேயே உருண்டு போவதை மழை அரித்த தடத்தில் உடனே உணர்வீர்கள். 27.5 அங்குலம் நெருக்கமான வளைவுகளில் விரைவாகத் திரும்பும் என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் சொல்லும் தடங்களில் அதற்குத் தேவை குறைவு. 168 செ.மீ. என்பது சிறிய அளவுக்கும் நடுத்தர அளவுக்கும் இடைப்பட்டது. இரண்டிலும் ஏறி ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். காலணியோடு சட்டத்தின் இருபுறமும் கால் ஊன்றி நின்றால், மேல்குழாய்க்கும் உடலுக்கும் இடையே குறைந்தது 5 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். உட்கால் நீளத்தை அளந்து 0.883ஆல் பெருக்கினால், பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பகுதி வரை இருக்க வேண்டிய உயரம் தோராயமாகக் கிடைக்கும். உட்கால் 78 செ.மீ. என்றால் சுமார் 69 செ.மீ. அந்த உயரத்தில் சீட்டை வைத்து அரைமணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள்.

நானும் என் கணவரும் பழைய வண்டிகள்தான் வாங்கினோம். ஒன்று நன்றாக அமைந்தது, ஒன்று ஏமாற்றம். ஏமாற்றமளித்த வண்டியில், ஃபோர்க்கின் மேல்குழாயில் பின்பக்கமாக நகத்தால் தடவினால் மட்டுமே தட்டுப்படும் ஒரு கீறல் இருந்தது. நாங்கள் முன்பக்கத்தை மட்டுமே பார்த்தோம். ஒவ்வொரு முறை அமுங்கும்போதும் அந்தக் கீறல் சீல் ரப்பரை அறுத்து, மூன்றே மாதத்தில் எண்ணெய் கசியத் தொடங்கியது. எனவே நகத்தால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். தலைக்குழாயையும் சீட்டுக் குழாயையும் ஒட்டிய வெல்டிங் ஓரங்களைத் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பெயின்டில் முடி போன்ற கோடு தெரிந்தால் வாங்க வேண்டாம். செயினில் 12 முழுக் கண்ணிகள் (உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் சேர்ந்தது ஒரு முழுக் கண்ணி) சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம்; எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் கேசட்டும் சேர்ந்து தேய்ந்திருக்கும். 12 கியர் கேசட் விலை மிகுந்தது என்பதால் 55,000 என்பது அங்கே நிற்காது.

ஒன்றைக் கவலையோடு சொல்கிறேன். வண்டி நன்றாக அமைந்ததும் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கக் காடுகளுக்குள் போகலாம் என்று தோன்றும். அங்கே காவிரி வடக்கு, காவிரி தெற்கு என இரண்டு வனவிலங்குச் சரணாலயங்கள் இருக்கின்றன. அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். ராகி முற்றும் பருவத்தில் யானைகள் வயல் ஓரம் வரை வருகின்றன. சைக்கிள் சத்தமில்லாமல் வருவதால் யானைக்கும் நமக்கும் ஒரே நேரத்தில்தான் தெரியும். வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, ஊர்க்காரர்கள் நடமாடும் தடங்களிலேயே ஓட்டுங்கள்.

பாலக்கோட்டுப் பயணி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரண்டு வண்டிகளையும் கடையில் ஓட்டிப் பார்த்தேன். முதல் வண்டியின் பின்பக்கம் ஃப்ரீவீல்தான் என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டார். கையேட்டிலும் 2 என்றே இருந்தது. இரண்டாவது வண்டியில் கேசட்டும் அகன்ற தலைக்குழாயும் இருக்கின்றன. நடுத்தர அளவில் கைகள் சற்று எட்டிப் பிடிப்பது போல் இருந்தது. சிறிய அளவில் முதுகு இயல்பாக இருந்தது. பெங்களூரு வண்டியின் உரிமையாளரிடம் செயினை அளந்து அனுப்பக் கேட்டேன். ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடியிருப்பதாகத் தெரிந்ததால் அதை விட்டுவிட்டேன். 29 அங்குல வண்டியைச் சிறிய அளவில் பதிவு செய்திருக்கிறேன். முன் டிஸ்க் 160 மி.மீ.தான். ரிம் டியூப்லெஸ்ஸுக்கு ஏற்றது, டயர் அல்ல. இவற்றில் எதை முதலில் மாற்றுவது?

கிருஷ்ணகிரி அணைக்கரை:

டயரையே முதலில் மாற்றுங்கள் ஐயா. பென்னாகரத்து நண்பர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். பாலக்கோட்டிலிருந்து நீங்கள் ஓட்டும் தடங்களில் நீண்ட இறக்கம் இல்லை என்பதால் 160 மி.மீ. டிஸ்க் இப்போதைக்குப் போதும். வத்தல்மலை போன்ற மலைப்பாதையில் இறங்கத் தொடங்கும்போது 180 போட்டுக்கொள்ளலாம். டிஸ்க்கின் மேல் ரெசின் பேட் (பிசினால் ஆன பிரேக் கட்டை) மட்டும் என்று பொறித்திருந்தால், தேயும்போது உலோக பேட் வாங்கிவிடாதீர்கள். அந்த டிஸ்க் விரைவில் தேய்ந்துபோகும். டியூப்லெஸ் திரவம் நம் வெயிலில் இரண்டு, மூன்று மாதங்களில் உலர்ந்துவிடும். டயரைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். திரவம் அலையும் ஓசை கேட்காவிட்டால், வால்வின் உள்தண்டைக் கழற்றி அதன் வழியாகவே 60 மி.லி. ஊற்றிக்கொள்ளுங்கள்.