மெட்ரிக் முறை: பெருமை பிரான்ஸுக்கா, எல்லோருக்குமா?

குன்றிமணி:
மீட்டரும் கிலோவும் பல நாடுகளின் கூட்டு உழைப்பு, பிரான்ஸ் அதில் ஒரு பங்காளி மட்டும்தான் என்று இங்கே ஒரு பதிவு பார்த்தேன். என்னால் ஏற்க முடியவில்லை. புரட்சிக்கு முன்னால் அந்த நாட்டிலேயே ஊருக்கு ஒரு முழம், சந்தைக்கு ஒரு படி. அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு 1791-இல், வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்குதான் மீட்டர் என்று முடிவெடுத்தார்கள். அதற்காக டெலாம்பர், மெஷேன் என்ற பிரெஞ்சு வானியலாளர்கள் இருவரும் 1792-இல் தொடங்கி டன்கிர்க்கிலிருந்து பார்சிலோனா வரை வருடக்கணக்கில் அளந்தார்கள், நடுவில் டெலாம்பரைச் சந்தேகப்பட்டுப் பிடித்தும் வைத்தார்கள்.

முழக்கோல்:
உழைப்பை யார் மறுத்தது? ஆனால் அந்த மீட்டர், இருக்க வேண்டிய நீளத்தைவிடச் சுமார் 0.2 மி.மீ. குறைவு. அதைக்கூட விடுங்கள், சொந்த மக்களே ஏற்காமல் 1812-இல் நெப்போலியன் பழைய பெயர்களைக் கடைத்தெருவுக்குத் திரும்ப விட்டார், 1840-இல்தான் மெட்ரிக் கட்டாயமானது. 1875 மே 20 அன்று 17 நாடுகள் மீட்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது உலகத்துக்குப் பொதுவானது. ஒரு கிலோ என்றால் இவ்வளவு என்று காட்டிய மூல உலோக உருளையை வார்த்ததே லண்டனின் ஜான்சன் மேத்தி நிறுவனம்.

குன்றிமணி:
கையெழுத்துப் போட்டது பாரிஸில், உருளையைக் காத்தது பாரிஸை ஒட்டிய செவ்ரில்.

முழக்கோல்:
உருளையை வைத்த பெட்டகத்துக்கு மூன்று சாவி. பிரான்ஸின் ஆவணக் காப்பகத்திடம் இருந்தது ஒன்றுதான், மற்ற இரண்டும் சர்வதேச அமைப்பின் ஆட்களிடம்.

படிக்கல்:
பாரிஸில் வோஜிரார் தெரு 36-ஆம் எண் கட்டடத்தில், வளைவுக்குக் கீழே சுவரில் ஒரு பளிங்கு மீட்டர் பதித்திருக்கிறது. போயிருந்தபோது கையை வைத்துப் பார்த்தேன், தோளிலிருந்து விரல்நுனி வரை நீட்டியும் எட்டவில்லை. புது அளவு மக்களுக்குப் பழகட்டும் என்று 1796, 97 வாக்கில் நகரத்தில் 16 இடங்களில் இப்படி வைத்தார்கள். துணி வாங்குகிறவர் தெருவிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். எனக்கு பிரான்ஸ் செய்ததில் பெரியது அதுதான்.

முழக்கோல்:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2019 மே 20 முதல் கிலோவுக்கு உருளையே தேவையில்லை, இயற்கையில் மாறாத ஓர் எண்ணான பிளாங்க் மாறிலி போதும். நூறு வருடத்தில் உருளைக்கும் பிரதிகளுக்கும் சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்துவிட்டது. புதிய முறைக்கான தராசை யோசித்தவர் பிரிட்டனின் இயற்பியலாளர் கிப்பிள்.

குன்றிமணி:
சரி, கிப்பிளுக்கு என் வணக்கம். ஆனால் அளவு யாருடைய பெட்டியிலும் இருக்கக் கூடாது, இயற்கையிலிருந்து வரவேண்டும் என்பதுதானே 1791-இல் அவர்கள் சொன்னது? 1889-இலிருந்து 130 வருடம் உருளையை நம்பிவிட்டு இப்போது அந்த இடத்துக்கே திரும்பியிருக்கிறோம்.