லாரி ஆவணங்கள் காலாவதியாகும் முன்பே தானாக நினைவூட்ட என்ன வழி?

மண்டிக் கணக்கர், கொழிஞ்சாம்பாறை:
வணக்கம். எங்கள் தேங்காய் மண்டியின் லாரிகள் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கு நாள்தோறும் போய் வருகின்றன. எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று, நேஷனல் பெர்மிட், ஓட்டுநர் உரிமம், மின்னணுத் தராசின் முத்திரை என ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேதியில் முடிகிறது. முதலாளியின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் உள்ள ஒரு தாள்தான் இதுவரை எங்கள் பதிவேடு. கூகுள் காலண்டரில் நான்கு வாரத்துக்கு மேல் முன்னதாக அறிவிப்பு வைக்க முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பே நினைவூட்டும்படி, அதிகச் செலவில்லாமல் என்ன ஏற்பாடு செய்யலாம்?

லாரி உரிமையாளர், பொள்ளாச்சி:
செயலியைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம் ஐயா; முதலில் எந்த ஆவணம் எதைச் சார்ந்திருக்கிறது என்று பாருங்கள். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இல்லையென்றால் எஃப்சிக்குப் போய்ப் பயனில்லை. எஃப்சி இல்லாமல் பெர்மிட் வேலை நகராது. போதாக்குறைக்கு, எஃப்சி காட்டும் முன் டிங்கரிங், பெயின்ட் என்று வண்டி பட்டறையில் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே வண்டியைப் பட்டறையில் விட வேண்டிய தேதிக்கும் தனியாக ஒரு நினைவூட்டல் வையுங்கள். அடுத்த தேதியை நீங்களாகக் கூட்டிப் போடவும் வேண்டாம். எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை என்றிருக்கும் எஃப்சி, அதன் பின் ஆண்டுதோறும் என மாறிவிடும். புகைச் சான்றும் பிஎஸ்4 அல்லது அதற்குப் பிந்தைய புகைத் தர வண்டிக்கு ஓராண்டு, பிஎஸ்4-க்கு முந்தைய வண்டிக்கு ஆறு மாதம். சான்றிதழில் அச்சாகியிருக்கும் தேதியே கணக்கு.

கணினிப் பணியாளர், கோவை:
கூகுள் ஷீட்ஸ் போதும். வண்டி எண், ஆவணம், முடியும் தேதி, பொறுப்பாளர் ஆகிய நான்கு பத்திகளுடன், அதிலேயே நிரல் எழுத உதவும் ஆப்ஸ் ஸ்கிரிப்டில், தினமும் காலையில் நிரலைத் தானாக இயக்கும் ஒரு டிரிக்கர் அமைத்தால், மின்னஞ்சல் தானே போய்விடும். நிபந்தனையைச் ‘சரியாக 60 நாள்’ என்று எழுதாதீர்கள். அன்றைக்கு நிரல் இயங்காவிட்டால் அந்த நினைவூட்டல் வராமலே போய்விடும். ‘60 நாள் அல்லது அதற்குக் குறைவு’ என்று எழுதினால், புதிய தேதியைப் பதியும்வரை தொந்தரவு செய்துகொண்டே இருக்கும். நமக்கு வேண்டியது அந்தத் தொந்தரவுதான்.

கோப்பின் வட்டார அமைப்பு (Locale) இந்தியா என்று இருக்கிறதா எனவும் பாருங்கள். அமெரிக்கா என்று இருந்தால், நீங்கள் நவம்பர் 5 என்று நினைத்து உள்ளிடும் 05/11, மே 11 ஆகிவிடும். 13/11 தேதியாகவே ஏறாது, வெறும் எழுத்தாக நின்றுவிடும்.

மண்டிக் கணக்கர், கொழிஞ்சாம்பாறை:
மிக்க நன்றி. மின்னஞ்சல் எனக்கு மட்டும் வந்தால் போதுமா?

லாரி உரிமையாளர், பொள்ளாச்சி:
போதாது. நீங்கள் விடுப்பில் இருக்கும் வாரத்தில்தான் ஏதாவது ஒன்று முடியும். முதலாளிக்கும் சேர்த்தே போகட்டும். இன்னொன்று: பணம் கட்டிய ரசீதை வைத்துப் புதிய தேதியைப் பதிந்துவிடாதீர்கள். அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் அந்த வண்டிக்குப் புதிய தேதி ஏறியதைப் பார்த்த பிறகு பதியுங்கள். சாலையில் நிறுத்திச் சோதிப்பவர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள்.