பொருளியல் முனைவர் பட்டத்துக்குப் பின், கல்லூரிக்கு வெளியே வேலை: வழிகாட்டுதல் வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். கிராமப்புறக் குடும்பங்களின் நகைக்கடன் பற்றி ஆய்வு செய்து, சென்ற மாதம் வாய்மொழித் தேர்வை முடித்தேன். வயது 34. கௌரவ விரிவுரையாளராக இரண்டாண்டுகள் இருந்துவிட்டேன். மே மாதச் சம்பளம் இல்லாத அந்த வேலைக்குத் திரும்ப மனமில்லை. மத்திய அரசின் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கான 30 வயது வரம்பையும், அதன்மேல் எனக்குரிய மூன்றாண்டுச் சலுகையையும் கடந்துவிட்டேன்.

அகில இந்தியக் கடன், முதலீட்டுக் கணக்கெடுப்பின் 2013, 2019ஆம் ஆண்டுகளுக்கான குடும்பவாரித் தரவுகளை ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் சுத்தம் செய்து, மாதிரிக் குடும்பங்கள் மொத்த மக்களைப் பிரதிபலிக்கும்படி எடையிட்டு, மாவட்டக் களஆய்வோடு ஒப்பிட்டதே என் ஐந்தாண்டு உழைப்பு. ஆனால் அண்மையில் ஒரு நேர்காணலில், "இத்தனை வருடம் படித்துக்கொண்டுதான் இருந்தீர்களா?" என்று கேட்டார்கள். ஏழு பக்கத் தன்விவரக் குறிப்பில் கருத்தரங்கக் கட்டுரைகளே நான்கு பக்கம் என்பதால், தவறு என்னுடையதாகவும் இருக்கலாம்.

வங்கிகளின் கடன் இடர் (கடன் திரும்பி வராத அபாயம்) பிரிவு, கடன் தரமதிப்பீட்டு நிறுவனங்கள், திட்ட மதிப்பீட்டு அமைப்புகள் ஆகியவற்றில் பணிபுரிவோர், ஆய்வுக் காலத்தைப் பணி அனுபவமாக எப்படி எழுதினீர்கள் என்று சொல்ல முடியுமா? தரவுத்தளங்களிலிருந்து தகவல் எடுக்க உதவும் எஸ்கியூஎல், நிரல்மொழியான பைத்தான் இரண்டில் எதை முதலில் கற்பது? யாரேனும் என் தன்விவரக் குறிப்பைப் படித்து, தயவுதாட்சண்யமின்றி வெட்டித் தந்தால் மிகவும் நன்றியுடையவனாவேன்.